பொறிக்குள் ஒரு பொறி: நிலைபொருளின் அளவும் பழமையோடு ஒத்துப்போதலும்

தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கு வந்த வரலாறு அவையோர் நன்கறிந்தது. தாளிலிருந்து கணிப்பொறிக்கு வந்த வரலாறு இலக்கிய மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1980களின் இறுதி முதலாகத் தமிழ் ஆய்வேடுகளும் சிற்றிதழ்களும் கவியரங்கத் தொகுப்புகளும் விழா மலர்களும் கணிப்பொறியில் அச்சுக் கோக்கப்பட்டு நெகிழ்வட்டுக்களில் சேமிக்கப்பட்டன. அவற்றுட் சில அச்சேறின. அச்சேறாதவை வட்டிலேயே தங்கின. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இன்று அரிதாகிவிட்டது. கருவி கிடைத்தாலும் அவ்வட்டில் எழுதிய மென்பொருள் இன்றைய கணிப்பொறியில் இயங்குவதில்லை. இயங்கினாலும் எழுத்துரு இல்லை. கரையான் அரித்த ஓலையில் எஞ்சிய எழுத்தையாவது கண்ணாற் காணலாம். வட்டில் உள்ள எழுத்தைக் காண்பதற்கு அவ்வட்டு வாழ்ந்த காலத்துப் பொறியே வேண்டும்.

அப்பொறி பழைய பொருள் வாங்கும் கடைக்குப் போய்விட்டது. ஆயினும் அதனை மீண்டும் உண்டாக்கிக் கொள்ள ஒரு வழி உண்டு. இன்றைய கணிப்பொறியினுள், மென்பொருளாலேயே, அன்றைய கணிப்பொறி ஒன்றை அமைத்துக் கொள்வது அது. இவ்வாறு அமைந்த பொறிக்கு மெய்நிகர் பொறி என்று பெயர். அதற்கு இரும்பும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் அதனுள் இயங்கும் நிரலுக்கோ, தான் உண்மையான ஒரு கணிப்பொறியில் இயங்குவதாகவே தோன்றும். நாடக மேடையில் அரசனாக வந்தவனை மற்றைய பாத்திரங்கள் அரசனென்றே ஏற்று ஒழுகுவது போன்றது இது. மேடையில் ஒருவன் நடிப்பை மறந்தால் நாடகம் குலையும். மெய்நிகர் பொறியும் அத்தகையதே. பழைய பொறி எவ்வாறு நடந்ததோ அவ்வாறே, அதன் குறைகளோடும் கூட, அது நடந்து காட்ட வேண்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணிப்பொறிகளை அறிவித்தபோது, அதற்கு முன் அந்நிறுவனத்திடம் 1401 என்னும் பொறியை வாங்கிய வாடிக்கையாளர்கள் தம் நிரல்களையெல்லாம் புதிதாக எழுத வேண்டியிருக்குமோ என்று அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, 360 வரிசையின் சில பொறிகளில் 1401 போல நடிக்கும் ஆற்றல் பொறியின் உள்ளேயே நுண்கட்டளைகளாகப் பதித்து வைக்கப்பட்டது. வன்பொருள் போல அசையாமலும், மென்பொருள் போல எழுதத்தக்கதாகவும் நடுவில் நிற்கும் இத்தகைய கட்டளைத் தொகுதிக்கு ‘ஃபர்ம்வேர்’ என்ற பெயரை 1967இல் ஆஷர் ஆப்ளர் என்பவர் ஓர் இதழ்க் கட்டுரையில் வழங்கினார். தமிழில் அதனை நிலைபொருள் என்கிறோம். நிலைபொருள் என்ற கருத்தும் பழமையோடு ஒத்துப்போதல் என்ற கவலையும் ஒரே காலத்தில், ஒரே வீட்டில் பிறந்தவை என்பது நோக்கத்தக்கது. அதே நிறுவனம் 1972இல் 370 வரிசைக்கென மெய்நிகர் பொறி மென்பொருளை அறிவித்தது. அவ்வரிசையைச் சேர்ந்த 155 என்னும் பொறி 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்தது என்பதால், தமிழகத்திற்கும் அந்தக் குடும்பம் முற்றும் அயலன்று.

எனினும் இன்றைய சிக்கலின் வேர் 1981ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தது. தமிழ் அச்சுக் கோப்புக்குப் பயன்பட்ட பெரும்பாலான பொறிகள் இதன் வழித்தோன்றல்களே. இப்பொறி எட்டிப் பிடிக்கக்கூடிய நினைவு முகவரிகள் மொத்தம் 1,024 கிலோபைட்டு. கீழே 640 கிலோபைட்டு நிரல்களுக்கு. மேலே 384 கிலோபைட்டு பொறியின் சொந்தத் தேவைகளுக்கு. மின்விசையை அழுத்தியவுடன் பொறி முதன்முதலாகக் கண் விழிக்கும் இடம் இந்த 1,024 கிலோபைட்டின் உச்சியிலிருந்து 16 பைட்டு கீழே உள்ளது. அங்கே உள்ள கட்டளையே முதற்கட்டளை. அதனை உள்ளடக்கிய நிலைபொருளே ‘பயாஸ்’ எனப்படுவது. விசைப்பலகை இருக்கிறதா, திரை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா எனச் சரிபார்த்து, வட்டிலிருந்து இயக்குதளத்தை ஏற்றிவிட்டு ஒதுங்கிக் கொள்வது அதன் பணி. கூத்துக்குக் கட்டியக்காரன் செய்யும் வேலை என்க.

பள்ளங்கி, பூம்பாறை முதலிய பழனிமலை ஊர்களில் பூண்டும் கிழங்கும் விளையும் படிவயல்களைக் கண்டவர்களுக்கு நினைவகத்தின் இந்த அமைப்பை விளக்குதல் எளிது. சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக வயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை. ஒருவர் தம் வயலை இரண்டு முழம் அகலப்படுத்த விரும்பினால், அகலம் ஆகாயத்திலிருந்து வாராது. மேல்வயலின் அடியையோ கீழ்வயலின் தலையையோ அரிந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன 384 கிலோபைட்டில் முதல் 128 திரையின் நினைவுக்கு. அடுத்த 128 திரை அட்டை, வலையட்டை முதலியவற்றின் தனி நிலைபொருள்களுக்கு. கடைசி 128 பயாஸுக்கு. இந்தக் கரைகளை நம்பியே நாற்பது ஆண்டுகளாக எண்ணிறந்த நிரல்கள் எழுதப்பட்டுள்ளன.

இனி, மெய்நிகர் பொறிக்கு வருவோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் ‘கியூஎமு’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். மூல நிரல் யாவர்க்கும் திறந்திருப்பது, விலையில்லாதது. 2007இல் லினக்சு இயக்குதளத்தின் கருவோடு மெய்நிகர் பொறிக்கான துணை சேர்க்கப்பட்டபின், பெருநிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்கள் பலவற்றிலும் இதுவே அடித்தளமாயிற்று. கியூஎமு நடித்துக் காட்டும் வழக்கமான பொறி எது தெரியுமா? 1996இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் என்னும் சில்லுத் தொகுதியைக் கொண்ட பொறி. முப்பதாண்டுக்கு முந்தைய வேடத்தை அது இன்னும் கலைக்கவில்லை. அந்தப் பொறிக்கும் ஒரு பயாஸ் வேண்டுமன்றோ? 2008 முதல் கெவின் ஓகானர் உருவாக்கிய ‘சீபயாஸ்’ என்னும் நிலைபொருள் அவ்விடத்தை நிரப்பியது.

சீபயாஸ் தொடக்கத்தில் 128 கிலோபைட்டு எல்லைக்குள் அடங்கி நின்றது. ஆண்டுதோறும் புதிய கருவிகள் வந்தன. புதிய வகை யூ.எஸ்.பி. வந்தது, ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் கட்டளைகள் சேர்ந்தன. நிலைபொருள் பருத்தது. ஒரு நிலையில் 128 கிலோபைட்டு என்னும் கரையை அது முட்டியது. 256 கிலோபைட்டாக ஆக்கிவிடுவதுதானே என்று தோன்றும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதைப்போலப் பன்மடங்கு பெரியது. இத்தனை சிறிய அளவுக்கா இத்தனை பெரிய தயக்கம் என்றும் வியப்புத் தோன்றும்.

தயக்கத்திற்குக் காரணம் இடப் பற்றாக்குறையன்று. உண்மையான காரணம் மெய்நிகர் பொறியின் இடப்பெயர்ச்சி.

வங்கியின் கணக்கையோ தொடர்வண்டியின் முன்பதிவையோ கவனிக்கும் மெய்நிகர் பொறியை நினைத்த நேரத்தில் நிறுத்த இயலாது. அதனைத் தாங்கி நிற்கும் உண்மைப் பொறியோ பழுதாகும், மாற்றப்பட வேண்டியிருக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் பொறியை, ஓட்டம் நில்லாமல், ஓர் உண்மைப் பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கி வைக்கும் கலை கண்டறியப்பட்டது. திருமுழுக்கு நடைபெறும்போதே தேரை வேறு வீதிக்கு மாற்றுவது போன்ற செயல் இது! நினைவகம் முழுவதும் பகுதி பகுதியாகப் படியெடுத்து அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு நீளம் உண்டு. சேருமிடத்தில் அதே பெயரும் அதே நீளமும் உடைய பகுதி ஆயத்தமாக இருத்தல் வேண்டும். புறப்பட்ட இடத்தில் பயாஸ் 128 கிலோபைட்டு, சேருமிடத்தில் 256 கிலோபைட்டு என்றால், ‘நீளம் பொருந்தவில்லை’ என்று கூறிக் கியூஎமு பெயர்ச்சியையே மறுத்துவிடும்.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. நிலைபொருளின் உள்ளடக்கம் இரண்டிடத்தும் வேறாக இருந்தாலும் தடையில்லை. உள்ளடக்கம் நினைவகத்தோடு சேர்ந்து தானும் பயணம் செய்துவிடும். பழைய கட்டளைகள் புதிய வீட்டிலும் அப்படியே வந்து அமரும். தடையாவது அளவு ஒன்றே. பொருள் மாறலாம், பாத்திரம் மாறலாகாது. இலக்கணம் கற்றோர்க்கு இது சற்றுப் புதுமையாகவே தோன்றும். சொல்லைவிடச் சொல் நிற்கும் இடத்திற்குக் கூடுதல் மதிப்புத் தரும் உலகம் இது.

ஆயினும் தமிழ்ப் பதிப்புலகில் இதற்கு நிகரானது இல்லாமற் போகவில்லை. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்ணுடைய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் முதற்பதிப்பை வெளியிட்டது தொட்டு இன்றுவரை, எந்தப் பதிப்பாசிரியரும் அடுத்த பாடலை 267 என்று எண்ணி இடைவெளியை மூடிவிடவில்லை. 266ஐ அடுத்து 269 வருகிறது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. கிடைத்த எட்டையும் இரண்டாம் பத்து முதல் ஒன்பதாம் பத்து வரை என்றே வழங்குகிறோம். வெறுமையான இடத்தையும் இடமாகவே காத்தல் இது. காவாதிருந்தால் பழைய உரைகளிலும் ஆய்வுகளிலும் உள்ள மேற்கோள் எண்கள் அனைத்தும் பிழைபட்டுப் போயிருக்கும். மெய்நிகர் பொறியின் பகுதிப் பெயரும் நீளமும் இந்தப் பாடல் எண் போன்றவை.

கியூஎமுவை வளர்ப்போர் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பது சுவையான பகுதி. அவர்கள் தாம் நடித்துக் காட்டும் பொறிக்கு ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பதிப்பெண் இட்டனர். 1.7ஆம் பதிப்பின் பொறிவகை, 2.0ஆம் பதிப்பின் பொறிவகை எனத் தனித்தனியே பெயர் உண்டு. 2014 ஏப்பிரலில் 2.0ஆம் பதிப்பு வந்தபோது, அப்பதிப்பின் பொறிவகைக்கு 256 கிலோபைட்டு பயாஸ் அளிக்கப்பட்டது. 1.7 வரையிலான பொறிவகைகளுக்குப் பழைய 128 கிலோபைட்டுக் கோப்பே தொடர்ந்தது. ஆக, ஒரே மென்பொருளில் இரண்டு நிலைபொருள்கள். புதியது பருத்தது, பழையது மெலிந்தது. மெலிந்தது என்பது உயர்வு நவிற்சியன்று. 128க்குள் அடக்குவதற்காகத் தொடக்கத்தில் படம் காட்டும் பகுதி, சில யூ.எஸ்.பி. வகைகளை அறியும் பகுதி முதலியவற்றை நீக்கி அதனைத் தனியே கட்டினர். பழைய பொறியை நம்பிய நிரலுக்கு அந்தப் புதிய வசதிகள் எப்படியும் தேவைப்படா என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்கே.

256 கிலோபைட்டு எங்கே வைக்கப்பட்டது என்ற ஐயம் எழும். கடைசிப் படியில் 128க்கு மேல் இடமில்லையே? பிற்காலத்துப் பொறிகள் 4 கிகாபைட்டு முகவரிகளை எட்டிப் பிடிப்பவை. நிலைபொருள் முழுமையும் அந்த 4 கிகாபைட்டின் உச்சியில் வைக்கப்பட்டது. அதன் கடைசி 128 மட்டும் பழைய படியிலும் தோன்றுமாறு செய்யப்பட்டது. பழைய நிரல் பழைய இடத்தில் பார்த்தால் பழைய அளவே காணும். புதிய மாடி கட்டியும் வீட்டின் பழைய வாசலை அடைக்காதது போன்ற ஏற்பாடு. வலையட்டைகளின் தனி நிலைபொருள்களுக்கும் இதே தொல்லை நேர்ந்தது. அவற்றின் இடம் 64, 128, 256 என இரட்டித்தே வளரும். இடைப்பட்ட அளவு இல்லை. கோப்பு ஒரு பைட்டு மிகுந்தாலும் சாளரம் இருமடங்காகும், இடப்பெயர்ச்சி உடனே மறுக்கப்படும். ஆதலால் பின்னாளில், கோப்பின் அளவு எதுவாயினும் சாளரத்தின் அளவு இன்னது என்று பயனரே முன்கூட்டிக் குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் பொறியாளர் கவலை, தமிழுக்கு என்ன தொடர்பு என வினவுவோர் உளராயின், தமிழ் எழுத்தே இந்தச் சிக்கலுள் முப்பதாண்டுக் காலம் அகப்பட்டிருந்ததை நினைவு கூரலாம்.

தொடக்கக் காலக் கணிப்பொறியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்திற்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போயின. எஞ்சியது 128. தமிழ் எழுத்துக்களோ 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்னும் வரிசைகளும் ஸ்ரீயும் கூட்டினால் 313. மீண்டும் அதே 128! கொம்பையும் காலையும் பிரித்து வைத்து அடக்குவது எவ்வாறு என்பதில் ஒவ்வொரு மென்பொருளாரும் ஒவ்வொரு வழி கண்டனர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஒரு வழி, கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு ஒரு வழி. ஈழத்தில் பெருவழக்கான பாமினி மற்றொரு வழி. ஒருவர் எழுதியதை மற்றவர் பொறியில் படிக்க இயலாத நிலை. 1997இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாட்டிலும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டிலும் இதுவே பேசப்பட்டது. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத் தமிழரிடையே தஸ்கி என்னும் முறை வழங்கியது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி 1991இல் தோன்றியது. அதில் தமிழுக்குத் தரப்பட்டதும் 128 இடங்களே. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைப் பின்பற்றித் தேவநாகரியின் வரிசைப்படியே தமிழும் அடுக்கப்பட்டது. தேவநாகரியில் ஒலிப்பெழுத்துக்கள் நிற்கும் இடங்கள் தமிழில் வெறுமையாக விடப்பட்டன. ககரத்தை அடுத்து மூன்று வெற்றிடம், பின்னர் ஙகரம். தமிழ் நெடுங்கணக்கு அறிந்த எவர்க்கும் இது பொருந்தாத ஆடையாகவே தோன்றும். அத்துடன் மெய்யெழுத்துக்குத் தனியிடம் இல்லை; ககரத்தை இட்டுப் புள்ளியைச் சேர்த்தே ‘க்’ பெறவேண்டும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் தமிழிலக்கணத்திற்கு இது தலைகீழ்.

எனவே எல்லா எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு ஒன்று வகுக்கப்பட்டது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழக அரசு ஒருங்குறியோடு இதனையும் தரமாக அறிவித்தது. இம்முறையை முன்மொழிந்தோர் வலியுறுத்திய காரணங்களுள் அளவும் ஒன்று. வழக்கமான சேமிப்பில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு ஆகிறது. ‘கொ’ என்பதற்கு இரண்டு குறி, ஆறு பைட்டு. புதிய முறையில் இரண்டே பைட்டு.

காரணம் மெய்யே. ஆயினும் இடமாற்றம் நிகழவில்லை, நிகழவும் இயலாது. ஒருங்குறிச் சேர்த்தியம் ஒரு முறை இடம் தந்த எழுத்தை மீண்டும் பெயர்ப்பதில்லை, நீக்குவதில்லை என்று உறுதி பூண்டுள்ளது. அவ்வுறுதி பட்டறிந்து பூண்டது. 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,656 கொரிய அசையெழுத்துக்களுக்கு இடம் தரப்பட்டிருந்தது. 1996இல் அவற்றை அங்கிருந்து எடுத்து, 11,172 எழுத்துக்களாக வேறோர் இடத்தில் குடியமர்த்தினர். முந்தைய இடத்தை நம்பி எழுதப்பட்டவை பொருளற்றுப் போயின. அதன் பிறகே இனி ஒருபோதும் இல்லை என்ற விதி. ஆகவே தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடு, எவரும் தத்தம் விருப்பிற்குப் பயன்படுத்தலாம் என ஒதுக்கப்பட்ட தனிப் பகுதியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

இலக்கண நோக்கில் அனைத்தெழுத்துக் குறியீடே சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அளவைக் காட்டி வாதிட்டது வலுவற்ற வாதம். நினைவகத்தின் விலை ஆண்டுதோறும் வீழ்ந்தது. மூன்று பைட்டும் இரண்டு பைட்டும் வேறுபாடு தோன்றாத அளவுக்குச் சேமிப்பு மலிந்தது. மலியாதது முன்பே எழுதப்பட்டவற்றோடு ஒத்துப்போதல் ஒன்றே. சீபயாஸின் 128க்கும் தமிழின் 128க்கும் உள்ள ஒற்றுமை இதுதான். இடம் போதவில்லை என்று தொடங்கிய பூசல், இடம் பெருகிய பின்னும் தீர்வதில்லை.

வெற்றிடங்களைப் பற்றி ஒரு சொல். பயனற்றவை என்று பழிக்கப்பட்ட அவ்விடங்களுள் ஒன்றில் 2005இல் கிரந்த ‘ஶ’ வந்து அமர்ந்தது. தேவநாகரியில் அதே ஒலிக்குரிய எழுத்து நிற்கும் நேரிடம் அது. 128 இடங்களுள் இன்றளவும் நிரம்பியவை 72. ஆனால் மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்ன இலக்கக் குறிகளுக்கு 2019இல் இடம் வேண்டியபோது, அவை இந்த வெற்றிடங்களில் வைக்கப்படவில்லை. தொலைவில் வேறொரு பகுதி திறக்கப்பட்டது. வெற்றிடமும் வரிசை காக்கிறது.

நிலைபொருளின் அளவு தமிழை நேரே தாக்கியதும் உண்டு. தமிழ் எழுத்துரு நிலைபொருளில் இடம்பெறாத பழைய கைப்பேசிகளில், தமிழ்க் குறுஞ்செய்தி வெறுங் கட்டங்களாகத் தோன்றியது. அனுப்புவதிலும் இழப்பே. குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறி. அதிலும் புள்ளிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று. அந்நாளில் தமிழர் தம் தாய்மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகியதற்கு மொழிப்பற்றின்மையைக் காரணம் காட்டிக் கடிந்தோர் பலர். பொறியின் குறுகிய வயிற்றையும் சற்றே நோக்கியிருக்கலாம்.

பழமையோடு ஒத்துப்போதலைப் புகழ்ந்துகொண்டே போகவும் இயலாது. அதற்கு விலை உண்டு. பழைய பொறிவகை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வெளியீட்டிலும் சோதிக்க வேண்டும். அதன் பிழைகளையும் பிழையென்று அறிந்தே காக்க வேண்டும். ஒரு பழைய பொறிவகையில் நேர்ந்த தவற்றைத் திருத்தினால், அத்தவற்றையே இயல்பெனக் கொண்ட நிரல் நின்றுபோகும். இப்பளு தாங்காமல் கியூஎமு திட்டத்தார் ஒரு நெறி வகுத்துக் கொண்டனர். மூன்றாண்டு கடந்த பொறிவகை ‘கைவிடப்படவுள்ளது’ எனக் குறிக்கப்படும். ஆறாண்டு கடந்தால் நீக்கப்படும். 128 கிலோபைட்டு பயாஸைக் காத்து வந்த 1.7ஆம் பதிப்பின் பொறிவகையும் அதற்கு முற்பட்டவையும் இவ்வாறு மறைந்துவிட்டன. பழையன கழிவதைக் குற்றமன்று என்று நன்னூலாரும் ஏற்றார். ஆனால் அவர் அதற்கு ஆறாண்டு என்று கெடு வைக்கவில்லை.

எழுத்துச் சீர்திருத்த வரலாற்றோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 1978 அக்டோபரில் தமிழக அரசின் ஆணையால் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் வடிவம் மாறியது. பெரியார் 1935 முதல் குடியரசில் வழங்கிய வடிவங்கள் அவை. துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’ பாடநூல்களிலிருந்து மறைந்தது. ஆயினும் நூலகங்களில் உள்ள பழைய நூல்கள் படிக்கப்படாமற் போகவில்லை. ஒரு தலைமுறை இரண்டு வடிவங்களையும் அறிந்திருந்தது. அடுத்த தலைமுறையும் சில மணி நேரத்தில் கற்றுக் கொள்கிறது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டிற்கு வீரமாமுனிவர் புதுவடிவம் தந்தபோதும், புள்ளியில்லா ஓலையைப் படித்தறியும் பதிப்பாசிரியர்கள் பின்னும் இருந்தனர். அங்கெல்லாம் பழையதையும் புதியதையும் இணைக்கும் பாலமாக நின்றது கற்றோரின் கண். கணிப்பொறிக் கோப்பிற்கு அத்தகைய கண் தானாக அமைவதில்லை. யாரேனும் நிரலாக எழுதி வைத்தால் உண்டு.

கொடைக்கானல் மலையின் மேலே உள்ள சூரிய ஆய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாகக் கதிரவனின் படங்கள் கண்ணாடித் தட்டுக்களில் எடுக்கப்பட்டு வந்தன. நூறாண்டுத் தொடர்ச்சி உடைய அத்தொகுதி இந்நாளில் எண்முறைக்கு மாற்றப்பட்டு ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. கண்ணாடித் தட்டைக் காண விளக்கும் உருப்பெருக்கியும் போதும். அதனால்தான் நூறாண்டு கழித்தும் மாற்ற முடிந்தது. 1995இல் ஒருவர் வட்டில் எழுதிய ஆய்வேட்டிற்கு அந்த வாய்ப்பு எளிதில் இல்லை. முப்பதாண்டு மூத்த வட்டு, நூற்றிருபதாண்டு மூத்த கண்ணாடியைவிடப் பழமைப்பட்டுப் போயிற்று.

அவ்வேட்டை மீட்க விரும்புவோர் செய்யத்தக்கது யாது? முதலில் வட்டின் உள்ளடக்கம் முழுவதையும், கோப்பு கோப்பாக அன்றி, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே படியாக எடுத்துக் கொள்ள வேண்டும். பின்னர் கியூஎமுவிலோ அதனை ஒத்த வேறு மென்பொருளிலோ அக்காலத்துப் பொறி ஒன்றை அமைத்து, அக்காலத்து இயக்குதளத்தை நிறுவி, அதனுள் அப்படியைத் திறக்கலாம். இங்கே ஓர் ஆறுதல் உண்டு. அளவு பொருந்த வேண்டும் என்ற கடுவிதி, ஓடிக்கொண்டிருக்கும் பொறியை இடம் பெயர்ப்பதற்கும் உறங்க வைத்த நிலையில் சேமித்த பொறியை எழுப்புவதற்குமே உரியது. முறைப்படி நிறுத்தப்பட்ட பொறியின் வட்டினைப் புதிய பொறிவகையில் மீண்டும் தொடங்குவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. ஆகவே மெய்நிகர் பொறியில் பழைய ஏடுகளைக் காத்து வைப்போர், அதனை உறக்க நிலையில் சேமித்து வைத்து நிறைவடைதல் கூடாது. நிறுத்தி வைக்க வேண்டும். எந்தப் பொறிவகை, எந்தப் பதிப்பு, எந்த நிலைபொருள் என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்தலும் நன்று. தாள் இன்னும் எதனோடும் ஒத்துப்போகிறது.

பொறி எழுந்து, கோப்பும் திறந்தபின், எழுத்துரு என்னும் கடைசிக் கதவு நிற்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், வட்டில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடக்கும். பாமினி எழுத்துருவை அதன் மேல் போர்த்தினால்தான் அது தமிழ். பாமினி, மயிலை, தஸ்கி போன்று பலரும் வழங்கிய முறைகளுக்கு ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமே மயிலையில் தொடங்கி, தஸ்கிக்கு மாறி, பின்னர் ஒருங்குறிக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் தன்னார்வலர்கள் நூல்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த கரைக்கு நடந்தார்கள். இன்று அந்நூல்களை எவரும் எப்பொறியிலும் படிக்கலாம். ஊர்தோறும் அச்சகங்கள் தத்தம் தேவைக்கு வாங்கிய, சில நூறு பேரே பயன்படுத்திய எழுத்துருக்களுக்கு அத்தகைய நிரல் இல்லை. அவற்றின் எழுத்துருக் கோப்பு கிடைத்தால், எந்த இடத்தில் எந்தத் தமிழ் வடிவம் என்று 128 இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணை எழுதிவிடலாம். ஒரு மாணவர் ஒரு பகலில் முடிக்கும் வேலை. எழுத்துருக் கோப்பும் தொலைந்திருந்தால், அச்சான பக்கம் ஒன்றையேனும் தேடி, வட்டிலுள்ள குறிகளோடு ஒப்பிட்டு, இந்தக் குறி இந்த எழுத்து என ஊகிக்க வேண்டும்.